காலருக்குள் சிவப்பு நூல்

அத்தியாயம் ஒன்பது

காலை ஆறு ஐம்பது. வாக்குச்சாவடி திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அக்கா மருந்துக்கடைக்காரர் வீட்டு மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

தெருவில் அவளுக்கு அந்த ஒரு பெயர்தான். அவளைவிட மூத்தவர்களும் சலவைக்கடை அக்கா என்றுதான் சொன்னார்கள். கணவர் மட்டும் எப்படியும் கூப்பிடுவதில்லை. தொண்டையைச் செருமுவார், அவள் திரும்பிப் பார்ப்பாள்.

கடையின் ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் ஓர் அம்பு இருந்தது. போன மாதம் அளவெடுக்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. அம்பு காட்டும் இடம் வரைக்கும் புது மேம்பாலம் வரும், கடை இடிபடும். அம்பு கடையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தேய்த்துப் பார்த்தாள். தெருவிலிருந்த அத்தனை பேர் கறையையும் எடுத்தவளுக்குத் தன் சுவரிலிருந்த கறை அசையவில்லை.

போன வாரம் இஸ்திரி மேஜையைச் சுற்றி நடந்த பேச்சை வீட்டில் யாரும் இன்னும் செரிக்கவில்லை.

தேர்தலில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஆளும் கட்சியில் சேர்மன். பாலம் கட்டியே தீருவேன் என்கிறார். எதிர்க்கட்சியில் மருந்துக்கடைக்காரர், பாலத்தை மறுபரிசீலனை செய்வேன் என்கிறார். கட்சி எதுவும் இல்லாமல் டீச்சர்; இந்தத் தெருவில் ஒரு செங்கல்லைத் தொடவிட மாட்டேன் என்கிறார். ஆனால் டீச்சர் ஜெயிப்பார் என்று டீச்சரே சொல்வதில்லை.

கணக்குப் போட்டுச் சொன்னவள் மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். டீச்சருக்கு விழுகிற ஒவ்வொரு ஓட்டும் சேர்மனுக்குத்தான் லாபம். சேர்மன் தோற்க வேண்டுமானால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மருந்துக்கடைக்காரருக்குத்தான் போட வேண்டும் என்றாள். போன தடவை சேர்மன் ஜெயித்த வித்தியாசத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றாள்.

"பிடிச்சவங்களுக்குப் போடுறதுக்குப் பேர்தானே ஓட்டு?" என்று கேட்டான் தம்பி. அக்காவின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். டீச்சரைத் தினமும் ஏற்றி இறக்குபவன். ஒரு மாதமாக டீச்சருக்காக மாடி மாடியாக ஏறி இறங்கியவன்.

"பிடிச்சவங்களுக்குப் போட்டுட்டு அப்புறம் எங்க உக்காரப் போறே, பாலத்துக்கு அடியிலயா?" என்றாள் அக்கா.

கணவர் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். மீசை முளைத்த நாளிலிருந்து அவர் சேர்மன் கட்சி. கட்சி அவருக்கு ஒன்றும் செய்ததில்லை. அதைச் சொன்னால் கோபம் வரும்.

கடைசியில் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கணவர் கட்சியை விட்டார். தம்பி டீச்சரை விட்டான். அக்காவுக்கு விடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் யாரையும் நம்பியதில்லை. வீட்டிலுள்ள நாலு ஓட்டும் மருந்துக்கடைக்காரருக்கு என்று முடிவானது.

தலையாட்டுவது வேறு, சீட்டில் முத்திரை குத்துவது வேறு. அன்றிலிருந்து இரண்டு பேரையும் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தாள்.

*

மூட்டையைப் பிரித்தால் முதலில் பைகளைத் துழாவ வேண்டும். அடுத்தது காலர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் நிறம் உண்டு. காலரின் உள்பக்கம், கழுத்தில் படுகிற இடத்தில், அக்காவே இரண்டு தையல் போட்டு வைப்பாள். மருந்துக்கடை வீட்டுக்குப் பச்சை. சேர்மன் வீட்டுக்குச் சிவப்பு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைச் சட்டை. எல்லாக் கட்சியும் வெள்ளைதான் போடுகிறது.

பச்சை. பச்சை. பச்சை. நாலாவது சட்டையில் சிவப்பு.

அக்கா அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் போட்ட தையல்தான். சேர்மன் சட்டைதான். காலரில் அழுக்குக் கோடு விழுந்திருந்தது. யாரோ ஒரு நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய சட்டை.

சேர்மன் சட்டை மருந்துக்கடைக்காரர் வீட்டு அழுக்குக் கூடைக்கு எப்படி வரும்?

ஒருத்தர் சட்டை இன்னொருத்தரிடம் போக வேண்டுமென்றால், இவர் அவர் வீட்டில் சட்டையைக் கழற்றியிருக்க வேண்டும். போன வாரம் மேடைக்கு மேடை ஒருத்தரை ஒருத்தர் கிழித்துக்கொண்ட ஆட்கள். போன வாரம்தான் மழையும் பெய்தது. அக்காவுக்குக் காட்சி தானாக விரிந்தது. நனைந்துகொண்டு மருந்துக்கடைக்காரர் சேர்மன் வீட்டுப் பின்வாசலில் நிற்கிறார். உள்ளே வாய்யா என்கிறார் சேர்மன். துண்டு கொடுக்கிறார். தன் சட்டையைக் கொடுக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பாலத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவார்கள்?

மறுபரிசீலனை என்ற வார்த்தை அவளுக்கு அப்போதுதான் புரிந்ததுபோல் இருந்தது.

பின்னால் தொண்டை செருமும் சத்தம் கேட்டது. அக்கா சட்டையைச் சுருட்டி, மேஜைக்கு அடியில் பழைய திரைச்சீலைகள் கிடந்த வாளிக்குள் செருகினாள்.

கணவர் வந்து மேஜைக்கு எதிரே நின்றார். அவிழ்ந்த மூட்டையைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மருந்துக்கடை மூட்டையைப் பிரிச்சுட்டியா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சேன்."

"அதை நான் பார்த்துக்கிறேன். நீ கூட்டம் வர்றதுக்குள்ள போய் ஓட்டுப் போட்டுட்டு வா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு மூட்டையையும் பிரித்ததில்லை. அது பொம்பளை வேலை என்று சொல்ல மாட்டார். இடுப்பு வலிக்கிறது என்பார். அவர் வேலை இஸ்திரி போடுவதும், ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும். இன்னொன்றும் அக்காவுக்குத் தெரியும். சொல்லக் கூடாத விஷயம் மனசில் இருந்தால்தான் அவர் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார்.

இவருக்குத் தெரியும் என்று நினைத்தாள். சேர்மன் வீட்டு விஷயம் இவருக்குத் தெரியாமல் இருக்குமா? இந்தச் சட்டை நம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பார்க்கிறார்.

"நீங்க எப்பப் போறீங்க?" என்று கேட்டாள்.

"போறேன், போறேன்." பெட்டியை மறுபடி திருப்பினார்.

*

வாக்குச்சாவடி நூலகத்தில்தான். வரிசை அதன் கேட் வரை வந்திருந்தது. முன்னால் எதிர்க்கடை முடிதிருத்துபவர் நின்றார். அவருக்கு வாய் நிற்காது. ஒருத்தன் இடிக்கிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கிறான், இன்னொருத்தன் இடிப்பதைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கிறான், நாம் என்னவோ விருந்துக்கு வந்த மாதிரி வரிசையில் நிற்கிறோம் என்று புலம்பினார். அவருக்கு முன்னால் நின்ற பெண், தன் வீட்டில் இந்தத் தடவை யாரும் வரவில்லை, தான் மட்டும் வந்ததே வீட்டு வேலையிலிருந்து ஒரு மணி நேரம் தப்பிக்கத்தான் என்றாள். சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

"நீங்க யாருக்குக்கா?" என்று முடிதிருத்துபவர் திரும்பிக் கேட்டார்.

"தலைமுடி வெட்டும்போது இதெல்லாம் கேட்பீங்களா?"

"கேட்பேனே. கத்தி என் கையில இருக்கும், உண்மையைச் சொல்லிருவாங்க."

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் எதிர்ப்பக்கம் போயிருந்தது. சற்றுத் தள்ளி, கட்சிக்காரர்கள் மேஜை போட்டிருந்தார்கள். சேர்மன் ஆட்கள் ஒரு குடைக்கு அடியில். மருந்துக்கடை ஆட்கள் அடுத்த குடைக்கு அடியில். இந்த மேஜைக்காரன் அந்த மேஜைக்காரனிடம் தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கிக் குடித்தான். வேறு நாளாக இருந்தால் தாகம் என்று விட்டிருப்பாள். டீச்சருக்கு மேஜை இல்லை, குடை இல்லை. அவரே ஒரு மரத்தடியில் நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே இடது கை ஆட்காட்டி விரலில் மை வைத்தார்கள். கடையில் அவள் எடுக்க ஒப்புக்கொள்ளாத கறை அது ஒன்றுதான்.

தடுப்புக்குப் பின்னால் சீட்டை விரித்தாள். மூன்று பெயர். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தாள். மருந்துக்கடைக்காரர் பெயர் நடுவில் இருந்தது. கையை அங்கே கொண்டுபோனாள்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொள்ளும் ஆள் கண்ணில் வந்தார். சிவப்பு நூல் அவர் கழுத்தில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒன்று என்றால் யாரை வைத்து யாரைத் தோற்கடிப்பது? வீட்டுக்காரர் எப்படியும் சேர்மனுக்குத்தான் போடப்போகிறார். தம்பி எப்படியும் டீச்சருக்குத்தான் போடப்போகிறான். தான் ஒருத்தி மட்டும் வாக்கைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

முத்திரை டீச்சர் பெயருக்கு நேரே விழுந்தது. அழுத்திக் குத்தினாள். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள்.

வெளியே வரும்போது மரத்தடியிலிருந்து டீச்சர் சிரித்தார். எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அக்கா பதிலுக்குச் சிரிக்கவில்லை. சிரித்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

*

கடை பூட்டிக் கிடந்தது. ஸ்கூட்டர் இல்லை. தன் சாவியால் திறந்து உள்ளே போனவள் நேராக மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

வாளியில் திரைச்சீலைகள் இருந்தன. நாலு மூலையும் சேர்த்து அழகாக மடிக்கப்பட்டிருந்தன. அந்த வீட்டில் அப்படி மடிப்பவர் ஒருத்தர்தான். சட்டை இல்லை.

போன் அடித்தாள். அவருடைய போன் மேஜை மேலேயே அடித்தது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சந்தேகப்பட்டது சரியாகிவிட்டால் ஒரு நிம்மதி வரும் என்பார்கள். வரவில்லை.

மதியம் தம்பி வந்தான். வேனுக்கு அன்று விடுமுறை. விரலில் மை இருந்தது. முகம் வீட்டில் யாரோ செத்ததுபோல் இருந்தது. குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் சுவர்க் கொக்கியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"யாருக்குன்னு கேக்கலாமா?"

"கேக்கக் கூடாதுன்னுதானே திரை கட்டி வெச்சிருக்காங்க."

அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. மருந்துக்கடைக்குப் போட்டிருந்தால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அவன் திருப்பிக் கேட்பான்.

தம்பி பின்கட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். தூங்கவில்லை; பலகை முனகிக்கொண்டே இருந்தது.

சிறிது நேரத்தில் முடிதிருத்துபவர் எதிர்ப்பக்கத்திலிருந்து தலையை நீட்டினார். உங்கள் வீட்டுக்காரரைச் சேர்மன் வீட்டு வாசலில் பார்த்தேன், கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார் என்றார். இப்போது அந்தக் குடைக்கு அடியில் கட்சி மேஜையில் உட்கார்ந்து வாக்காளர் எண் சீட்டு எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார், நல்ல வரும்படியா அக்கா என்று கேட்டுச் சிரித்தார்.

அக்காவும் சிரித்துவைத்தாள். உள்ளே வந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்து, இல்லாத கறையைத் தேய்க்க ஆரம்பித்தாள். பொட்டலத்தில் இருந்தது அந்தச் சட்டை. ஆதாரத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, சன்மானமாக மேஜையில் இடம் பிடித்திருக்கிறார். சொந்தக் கடையை இடிக்கப்போகிறவனுக்கு உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார்.

அந்த நேரத்தில் தான் குத்திய முத்திரை அவளுக்குச் சரியாகவே பட்டது.

*

வாக்குப்பதிவு முடிந்து தெரு காலியான பிறகுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கணவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். தம்பி எழுந்து வந்து கதவோரம் நின்றான். யாரும் விளக்கைப் போடவில்லை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"சட்டை எங்க?" என்றாள் அக்கா.

கணவர் மேஜையைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி அங்கேதான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பார்த்துட்டியா?"

"வாளிக்குள்ள வெச்சதே நான்தான்."

"நான் தேடி எடுத்தேன்." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சேர்மன் வீட்டுல குடுத்துட்டேன். ஒரு வாரமா ஒரு சட்டை குறையுது, சட்டை எங்கேன்னு அந்தம்மா என்னைப் பிடுங்கி எடுத்துட்டாங்க. அன்னைக்கு மழையில ரெண்டு வீட்டு மூட்டையும் வண்டியில சரிஞ்சு விழுந்துச்சு. அள்ளிப் போடும்போது ஒண்ணு மாறிப்போச்சு. மருந்துக்கடைல குடுத்துட்டேன்."

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"உங்கிட்டச் சொன்னா காலர் பார்க்காமக் குடுத்தியான்னு ஒரு மாசத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவே. அது திரும்பி அழுக்குக்கு வரும், உன் கண்ணுல படாம எடுத்துடலாம்னு இருந்தேன்."

"அந்த மனுஷன் அதைப் போட்டிருக்கான். அடுத்தவன் சட்டைன்னு தெரியாதா?"

"வெள்ளைச் சட்டை, ஒரே அளவு. காலருக்குள்ள எட்டிப் பார்க்கிறதுக்கு ஊர்ல உன்னைத் தவிர யாரு இருக்கா?"

கதவோரம் நின்ற தம்பி பக்கென்று சிரித்தான். அந்த நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

அக்காவின் கைகள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. மழையில் நனைந்து நின்ற ஆள், பின்வாசல், துண்டு, சாத்திய கதவு எல்லாம் ஒவ்வொன்றாக அவள் தலையிலிருந்து கழன்று போயின. மிச்சம் இருந்தது ஈரமான ஒரு ஸ்கூட்டர்.

"கட்சி மேஜையில உக்காந்தீங்களாமே?" என்றாள். ஏதாவது ஒன்றையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கணவர் தன் விரலைப் பார்த்தார். மை காய்ந்து கறுத்திருந்தது.

சட்டையைக் கொடுக்கப் போன இடத்தில் சேர்மனே வாசலில் நின்றாராம். நம்ம ஆளு வந்தாச்சு என்று தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டாராம். எழுந்து போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பொழுதுக்கும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாராம்.

"அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்," என்றார். "காலையிலயே. மருந்துக்கடைக்குத்தான். முப்பது வருஷத்துல மொதத் தடவை. அந்த ஆளு தோள்ல கை போட்டப்ப எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு."

அவர் தொண்டையைச் செருமவில்லை. பெட்டியைத் திருப்பவில்லை. அவள் அவர் முகத்தில் பொய்யைத் தேடினாள். இன்று காலையில் தேடியதைவிட அதிகமாகத் தேடினாள். கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களாவது நம்ம கடையை இடிக்கப்போற ஆளுக்கு எதிராப் போட்டீங்க அத்தான்," என்றான் தம்பி. "டீச்சர் மரத்தடியில நின்னாங்க. என்னைப் பார்த்து, நீ இருக்கிற தைரியத்துலதான் நிக்கிறேன்னு சொன்னாங்க. நான் உள்ள போய் மருந்துக்கடைக்குக் குத்திட்டு வந்தேன். திரும்பி வரும்போது சுவரேறிக் குதிச்சுப் போயிடலாமான்னு பார்த்தேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். அன்று முதல் முறையாக நேராகப் பார்த்தான்.

"நீ சொன்னதுக்காகத்தான்க்கா. நம்ம கடை நிக்கணும், அவ்வளவுதான். டீச்சருக்கு நம்ம குடும்பத்துல ஒரு ஓட்டுகூட விழலைன்னு நாளைக்கு அவங்க முகத்தைப் பார்த்து எப்படி வண்டி ஓட்டுவேன்னுதான் தெரியலை."

விழுந்தது ஒன்று. அக்காவுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் தம்பிக்கு அது ஆறுதலாக இருக்குமா? அவனைப் போடவிடாமல் தடுத்த ஓட்டை, அவனிடமிருந்து பிடுங்கியதை, அவளே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரு காலரைப் பார்த்துவிட்டு.

அவள் இடது கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள். எல்லோர் விரலிலும் ஒரே மைதான். ஆனாலும் இறக்கிக்கொண்டாள்.

வாசலில் மகளின் ஷூ சத்தம் கேட்டது. நர்ஸ் உடையோடு உள்ளே வந்தவள் விளக்கைப் போட்டாள். மூன்று பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள், என்ன ஆச்சு என்று கேட்டாள். அப்பாவின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். மாமாவின் விரலைப் பார்த்தாள். சொன்னபடி போட்டுவிட்டது அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பாவின் தோளில் தட்டினாள்.

ஆஸ்பத்திரி முழுக்க இதே பேச்சுத்தான் என்றாள். இந்தத் தடவையும் இழுபறி; போன தடவை ஒரு பஸ் என்றால் இந்தத் தடவை ஓர் ஆட்டோதான் என்று டாக்டர்கள்கூடச் சொல்கிறார்களாம். நாளைக்குக் காலையில் எண்ணிவிடுவார்கள். ஒவ்வோர் ஓட்டுக்கும் உயிர் இருக்கிறது என்றாள்.

கணவர் முதல் முறையாக இலேசாகச் சிரித்தார். ஸ்டூலை அவளுக்குத் தள்ளினார்.

மகள் உட்காரவில்லை. அக்காவுக்கு எதிரே வந்து நின்று, மேஜையில் முழங்கை ஊன்றி, விரல்களை மடக்க ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணு. அப்பா ஒண்ணு. மாமா ஒண்ணு." நாலாவது விரலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நாலுதானேம்மா?"